‘பெண்ட்’ எங்கிருந்து வந்தது? ஓர் ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடிப் போகும் வழி

ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேட நீங்கள் மொழியியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு போன், கொஞ்சம் பொறுமை, அப்புறம் ‘இந்தச் சொல்லின் உண்மைக் கதை தெரியுமா’ என்று வாட்ஸ்அப்பில் வருகிற செய்திகள்மேல் நல்ல சந்தேகம், இவ்வளவு இருந்தால் போதும். விதி விதியாகச் சொன்னால் தூக்கம்தான் வரும் என்பதால் ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு கடைசிவரை போய்ப் பார்த்துவிடலாம். சொல்: பெண்ட். வளைவது, வளைப்பது, வளைவு எல்லாம் அதுதான். சைக்கிள் கடையில் ‘வீல் பெண்டு எடுக்கணும்’ என்கிறோமே, கொல்லிமலை ஏறும்போது 70 ஹேர்பின் பெண்டையும் எண்ணிக்கொண்டே போகிறோமே, அதே சொல். பார்க்கச் சாதுவாக இருக்கும். ஆனால் இதன் பழைய பொருள் ‘கட்டு’. கட்டுவது எப்படி வளைப்பதாக மாறியது என்பதைக் கண்டுபிடிப்பதில்தான் இந்தத் தேடலின் ருசியே இருக்கிறது.

முதலில் எங்கே தேடுவது. ஆன்லைன் எட்டிமாலஜி டிக்‌ஷனரி இலவசம், சுருக்கமாகச் சொல்லும், அங்கிருந்து தொடங்குங்கள். அதில் பார்த்ததோடு நிறுத்திவிடாமல், பழைய ஆங்கிலத்துக்கு பாஸ்வொர்த்–டாலர் அகராதியையும், நடு ஆங்கிலத்துக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அகராதியையும் புரட்டுங்கள், இரண்டும் இணையத்தில் சும்மாவே கிடைக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதிக்குக் காசு கட்ட வேண்டும். நூலக உறுப்பினர் அட்டை வைத்து உள்ளே போக முடிகிற ஊரில் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். சமஸ்கிருதப் பக்கம் போக வேண்டி வந்தால் மோனியர் வில்லியம்ஸ் அகராதி, திராவிடப் பக்கம் போக பர்ரோ–எமனோ அகராதி. இவையும் இலவசம்தான்.

அகராதியைத் திறந்ததும் பொருளைப் படிக்கப் பாயாதீர்கள். தலைச்சொல்லுக்குப் பக்கத்தில் 1, 2 என்று எண் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே எழுத்துக்கூட்டில் வேறு வேறு சொற்கள் ஒளிந்திருக்கும், எண்தான் காட்டிக்கொடுக்கும். பெண்ட் என்று போட்டால் ‘வளை’ என்ற வினை வரும், ‘வளைவு’ என்ற பெயர்ச்சொல் வரும், குலச்சின்னக் கேடயத்தில் மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்குக் குறுக்கே ஓடும் பட்டை ஒன்றும் வரும். இவை மூன்றும் சொந்தக்காரர்கள். ஆனால் ‘பெண்ட்’ என்பதன் இறந்தகால வடிவமான ‘பென்ட்’ என்று தேடிப் பாருங்கள், அங்கே ஒரு புல் முளைக்கும். கோல்ஃப் மைதானத்தில் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டி வளர்க்கிறார்களே, அந்தப் புல் வகைக்குப் பெயர் பென்ட் கிராஸ். காற்றில் வளைகிற புல், அதனால் பென்ட் என்று யாராவது விளக்கம் சொன்னால் நம்பிவிடத் தோன்றும். அதற்கும் வளைவுக்கும் சம்பந்தமே இல்லை. அது பழைய ஆங்கிலத்தில் ‘பெயோனெட்’ என்று இருந்த புல்லின் பெயர் தேய்ந்து வந்தது, பென்ட்லி என்ற ஊர்ப்பெயர்களிலும் அந்தப் புல்தான் இருக்கிறது. அந்த ஊர்ப்பெயர் குடும்பப் பெயராகி அப்புறம் காரின் பெயரானது. ஆக பென்ட்லி காருக்கும் பெண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அடுத்த வேலை, கிடைக்கிறதிலேயே பழைய பொருளைப் பிடிப்பது. இன்றைய பொருளிலிருந்து யோசித்துக்கொண்டே பின்னால் போனால் தப்பான ஊருக்குத்தான் போய்ச் சேருவோம், அதனால் இன்றைய பொருளை ஒரு ஓரமாக வைத்துவிடுங்கள். பழைய ஆங்கிலத்தில் சொல் ‘பெண்டன்’. அகராதி அதற்கு இரண்டு பொருள் தருகிறது: ஒன்று விலங்கிடுவது, கட்டிப்போடுவது, இன்னொன்று வில்லுக்கு நாண் பூட்டுவது. வளைப்பது என்ற பொதுப்பொருளில் கம்பியையோ முழங்காலையோ பற்றிச் சொல்வது பிறகுதான் வருகிறது, 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்.

இந்த இடத்தில் பெரும்பாலானோர் ‘ஓ, பொருள் மாறிவிட்டது’ என்று தலையாட்டிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறார்கள். போகாதீர்கள். கட்டுவதற்கும் வளைப்பதற்கும் நடுவே ஒரு படி இருந்தே ஆக வேண்டும், அந்தப் படி எந்தத் தொழிலில் இருந்தது, யார் கையில் இருந்தது என்று கேட்க வேண்டும். இங்கே பதில் அகராதியே தந்துவிட்டது: வில்லாளி.

இங்கிலாந்தின் நெடுவில் ஆறடிக்கு மேல் நீளம், யூ மரத்தில் செதுக்கியது. 1545-இல் மூழ்கி 1982-இல் மேலே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் போர்க்கப்பலில் இந்த மாதிரி விற்கள் நூற்றுக்கும் மேல் முழுசாகக் கிடைத்தன. நாண் இல்லாதபோது அவை கிட்டத்தட்ட நேரான கம்புகள்தான், தெரியாதவர் பார்த்தால் ஏதோ கழி என்றுதான் நினைப்பார். நாணைப் பூட்டுகிறவன் ஒரு முனையைப் பாதத்தின் உள்பக்கத்தில் முட்டுக்கொடுத்து, ஒரு கையால் நடுப்பிடியைத் தன் பக்கம் இழுத்து, மறுகையால் மேல்பாதியை அழுத்தித் தள்ளிக்கொண்டே நாணின் கண்ணியை முனையிலுள்ள பள்ளத்துக்குள் நழுவவிடுகிறான். கண்ணி பள்ளத்தில் விழுந்த அந்த நொடியில் நாண் விறைத்து நிற்கிறது, மரம் வளைந்து நிற்கிறது. அவன் செய்தது கட்டும் வேலை, பக்கத்தில் நிற்கிறவன் கண்ணுக்குத் தெரிவது வளைவு. பார்க்கிறவர்கள் பேச்சில் சொல் மெல்ல மெல்ல நாணை விட்டு மரத்துக்கு நகர்ந்துவிட்டது. சீதைக்காக வில்லை வளைத்தான் என்று நாமும்தான் சொல்கிறோம், அங்கே நடந்ததும் நாணேற்றுகிற வேலைதானே.

இது ஊகம் இல்லையா என்று கேட்பீர்கள், கேட்கத்தான் வேண்டும். சொல்லின் நடுப்படியைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்தால் அதற்கு ஒரு வாக்கியச் சான்று தேடுங்கள். இதற்குச் சுலபமான வழி, பல மொழிகளில் பெயர்க்கப்பட்ட பழைய நூல் ஒன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. 1611-இல் வந்த ஆங்கில பைபிளில் சங்கீதம் 7:12-ஐ எடுங்கள், கடவுள் தம் வில்லை ‘பென்ட்’ செய்து ஆயத்தமாக வைத்திருக்கிறார் என்று இருக்கும். அதே வசனத்தைத் தமிழ் பைபிளில் பார்த்தால் ‘நாணேற்றி’ என்று இருக்கிறது. நம் மொழிபெயர்ப்பாளர் ‘வளைத்து’ என்று போடவில்லை, சரியான ஆள்.

இன்னொரு வகைச் சான்றும் உண்டு, எனக்குப் பிடித்தது அதுதான். ஊர் முழுக்கப் பொருள் மாறிவிட்டாலும் ஏதாவது ஒரு தொழிலில் பழைய பொருள் அப்படியே உறைந்து கிடக்கும், அதைத் தேடிப் போங்கள். இங்கே மாலுமிகளிடம் போக வேண்டும். அவர்கள் பேச்சில் பெண்ட் என்றால் இன்றைக்கும் முடிச்சு, இரண்டு கயிறுகளை இணைக்கும் முடிச்சு. பாய்மரத்தில் பாயைக் கட்டுவதும் பெண்ட் செய்வதுதான். ஷீட் பெண்ட் என்ற முடிச்சைப் போட்டுப் பாருங்கள், வீட்டில் இருக்கிற இரண்டு துண்டுக் கயிறு போதும்: தடிமனான கயிற்றின் முனையை மடித்து ஒரு கொக்கி மாதிரி பிடித்துக்கொள்ளுங்கள், மெல்லிய கயிற்றைக் கீழிருந்து அந்த மடிப்புக்குள் மேலே கொண்டுவந்து, மடிப்பின் இரண்டு கால்களையும் பின்பக்கமாகச் சுற்றி, அதே மெல்லிய கயிற்றின் அடியில் செருகி இழுங்கள். அவ்வளவுதான். அறுந்த இழையைச் சேர்க்க நெசவாளர்கள் போடும் முடிச்சும் அமைப்பில் இதுதான். ஷீட் என்றதும் துணி என்று நினைத்துவிடாதீர்கள், கப்பலில் ஷீட் என்பது பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு. பெயரின் இரண்டு பாதியும் ஏமாற்றுகிற ஒரு முடிச்சு. கேடயத்தின் குறுக்குப் பட்டையும் இதே கட்டு–பட்டை வகைப் பொருளில் நின்றுபோனதுதான், அங்கே பிரெஞ்சுக்காரர்களின் ‘பெண்டே’யும் சேர்ந்து கலந்திருக்கிறது, அதற்குள் இப்போது போக வேண்டாம்.

இனி பழைய ஆங்கிலத்துக்கும் பின்னால். அகராதியில் சொல்லுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டிருந்தால், அந்த வடிவம் எந்தக் கல்வெட்டிலும் ஏட்டிலும் கிடைக்கவில்லை, அறிஞர்கள் மற்ற மொழிகளை ஒப்பிட்டுக் கட்டி எழுப்பியது என்று அர்த்தம். பெண்டனுக்குப் பின்னால் ‘பண்டியன்’ என்று நட்சத்திரத்தோடு ஒரு மூல ஜெர்மானிய வடிவம், அதாவது ஆங்கிலம், ஜெர்மன், டச்சு எல்லாவற்றுக்கும் தாயான மொழியின் வடிவம், நிற்கும் (பாண்டியன் இல்லை, பதறாதீர்கள்). அகரம் எப்படி எகரமானது? பின்னால் இகர ஒலி ஒன்று வந்ததால். மேன் பன்மையில் மென் ஆவதும், ஃபுட் ஃபீட் ஆவதும் இதே வழக்கத்தால்தான். இது புரிந்துவிட்டால் குடும்பம் தானாகக் கண்ணில் படும்: கட்டுவதற்கு பைண்ட், பட்டைக்கு பேண்ட், பிணைப்புக்கு பாண்ட், மூட்டைக்கு பண்டில். பெண்ட் இந்த வீட்டுப் பிள்ளை. சொல்லின் உள்ளே உயிரெழுத்து மட்டும் மாறி, முன்னும் பின்னும் மெய்கள் அப்படியே இருந்தால் அண்ணன் தம்பியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் வாய்ப்புதான், அகராதி ஒப்புக்கொள்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பாருங்கள்.

அகராதி இன்னும் பின்னால் போய் இந்தோ–ஐரோப்பிய வேர் ஒன்றைக் காட்டும் (ஆங்கிலம், கிரேக்கம், பாரசீகம், சமஸ்கிருதம் எல்லாம் கிளைத்த மூல மொழியின் வேர்), பொருள் ‘கட்டு’, பக்கத்திலேயே சமஸ்கிருத ‘பந்த்’ என்ற வினையும் இருக்கும். பந்தம், பந்தனம், பந்து என்ற உறவினர், சம்பந்தம், சம்பந்தி என்று நம் வாயில் புழங்குவதெல்லாம் அதிலிருந்துதான். ஆக, சைக்கிள் கடைப் பெண்டும் கல்யாண வீட்டுச் சம்பந்தியும் தூரத்துச் சொந்தம். இதைக் கேட்டதும் உடனே பத்துப் பேருக்கு அனுப்பக் கை துடிக்கும். அனுப்புவதற்கு முன் ஒலி சரியாக வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பார்க்கும் முறை இப்படி. பாரதம் என்று வடக்கே மூச்சுக் காற்றோடு சொல்கிறார்களே, அந்த ‘ப’ ஆங்கிலத்தில் மூச்சு இல்லாத, ‘பாபு’வில் வரும் ‘ப’வாக மாறும், தர்மம் என்பதில் வரும் மூச்சோடு கூடிய ‘த’ ஆங்கிலத்தில் ‘ட’ ஆகும். யாக்கோப் கிரிம் 1822-இல் எழுதிவைத்த விதியின் ஒரு பகுதி இது. ஒரு சொல்லில் பொருந்தினால் போதாது, வேறு சொற்களிலும் பொருந்த வேண்டும். பிராதா–பிரதர், பொருந்துகிறது. விதவை–விடோ, பொருந்துகிறது. மது–மீட் (தேனில் காய்ச்சும் மது), பொருந்துகிறது. சரி, ஆனால் ‘பந்த்’ என்பதில் முதல் ‘ப’ சமஸ்கிருதத்தில் மூச்சு இல்லாமல்தானே இருக்கிறது என்று மோனியர் வில்லியம்ஸைத் திறந்து பார்த்த யாராவது கேட்பார்கள், நல்ல கேள்வி. அடுத்தடுத்த அசைகளில் இரண்டு மூச்சொலி வந்தால் சமஸ்கிருதம் முதலாவதை விட்டுவிடும் என்று ஹெர்மன் கிராஸ்மன் 1863-இல் காட்டிவிட்டார், கணிதத்திலும் பெயர் வாங்கிய மனிதர் அவர். கிரேக்கமும் அதே வழக்கம் உள்ள மொழி, அங்கே இந்த வேரிலிருந்து வந்த ‘பெந்தெரோஸ்’ என்றால் மாமனார். இன்றைய கிரேக்கத்தில் மணமகன் வீட்டாரும் மணமகள் வீட்டாரும் ஒருவரை ஒருவர் ‘சிம்பெதெரோஸ்’ என்கிறார்கள், அப்படியே நம் சம்பந்தி.

வேர் கிடைத்துவிட்டால் அதன் மற்றக் கிளைகளையும் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள், எதிர்பாராத ஆட்கள் வருவார்கள். பாரசீகத்திலும் ‘பந்த்’ என்றால் கட்டு, ‘பஸ்த்’ என்பது அதே வினையின் கட்டிய நிலை. இரண்டையும் சேர்த்த ‘பந்த்–ஓ–பஸ்த்’ தான் திருவிழாவுக்குப் போலீஸ் போடும் பந்தோபஸ்து. ஒரே வேர் ஒரே சொல்லில் இரண்டு தரம். கடையடைப்பு ‘பந்த்’, இடுப்பில் சுற்றும் கமர்பந்த், துணியை முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் இந்தி ‘பாந்த்னூ’விலிருந்து ஆங்கிலத்துக்குப் போன பண்டானா எல்லாம் இதே கூட்டம்.

இங்கேதான் தமிழர்கள் வழக்கமாகச் சறுக்குகிற இடமும் வருகிறது. ‘பைண்ட் என்பது நம்முடைய பிணை தானே?’ என்று யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள். ஒலியும் நெருக்கம், பொருளும் ஒன்று. ஆனால் இரண்டு சொல் ஒரே மாதிரி இருப்பது தொடக்கம்தான், தீர்ப்பு அல்ல. இரண்டையும் அவரவர் வீட்டில் வைத்து விசாரியுங்கள். பிணையின் வீட்டில் கன்னட ‘ஹெணெ’ இருக்கிறது, பின்னு, கோத்துப் பின்னு என்று பொருள். நம் பால் அங்கே ஹாலு ஆவது போல, பல் ஹல்லு ஆவது போல, இதிலும் பகரம் ஹகரமாகியிருக்கிறது. ஆக இது திராவிட வீட்டுக்குள் ஒழுங்காக வளர்ந்த பிள்ளை. பைண்டின் கடைசியில் நிற்கும் ‘ட’ மற்ற இந்தோ–ஐரோப்பிய மொழிகளில் எல்லாம் வேரின் பகுதியாகவே வருகிறது, பிணையில் அதற்கு இடமே இல்லை. இரண்டும் தனித்தனி. இதைச் சொன்னால் தமிழுக்கு எதிரி என்று சிலர் கோபப்படுவார்கள். ‘பிணை’ சொந்தக் காலில் நிற்கிற சொல் என்பதில் தமிழுக்கு என்ன குறைந்துவிட்டது என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

கடைசியாக, சொல்லோடு ஒட்டி வரும் கதைகளைச் சோதிப்பது. கதையில் ஆண்டு, இடம், அந்தப் பொருளில் சொல் எழுத்தில் வந்த காலம் மூன்றும் ஒத்துவருகிறதா என்று மட்டும் கேளுங்கள். ஆழத்தில் முக்குளிப்பவர்களுக்கு வரும் நோயை ‘த பெண்ட்ஸ்’ என்கிறார்கள். இதற்குச் சொல்லும் கதை: மிசிசிப்பி ஆற்றின் குறுக்கே செயின்ட் லூயிஸில் ஈட்ஸ் பாலம் கட்டியபோது, அழுத்தக் காற்று அடைத்த பெட்டிகளுக்குள் இறங்கி ஆற்றின் அடியில் மண் தோண்டியவர்கள் மேலே வந்ததும் மூட்டு வலி தாங்காமல் குனிந்தே நடந்தார்கள். இடுப்புக்குக் கீழே பின்பக்கம் புடைத்த பாவாடையும் இறுக்கிய கச்சையும் போட்டு முன்னால் சாய்ந்து நடக்கும் ‘கிரீஷியன் பெண்ட்’ என்ற நடை அப்போது பெண்களிடையே பிரபலம், கூட இருந்தவர்கள் அந்தப் பெயரைச் சொல்லி இவர்களைக் கேலி செய்தார்கள். பாலம் திறந்தது 1874, அந்த நடை பரவியது 1860-களின் கடைசியில், நோயின் பெயர் எழுத்தில் வருவது அதற்குப் பிறகு. எல்லாம் ஒத்துவருகிறது, நம்பலாம். அழுத்தத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், வேகமாக மேலே வந்தால் குமிழிகளாகிவிடுவதுதான் காரணம். அந்தப் பாலத்தில் பத்துப் பேருக்கும் மேல் செத்தார்கள், கேலிப் பெயர்தான் நிலைத்தது.

இப்போது இன்னொன்று. பைத்தியம் என்பதற்கு ‘ரவுண்ட் த பெண்ட்’ என்று ஒரு தொடர் உண்டு. மனநல விடுதிகளைச் சாலையிலிருந்து தெரியாதபடி வளைந்த பாதையின் முடிவில் கட்டினார்கள், அதனால் இந்தப் பெயர் என்று இணையம் முழுக்க எழுதிவைத்திருக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1929-இல் வந்த கடல்வழக்குச் சொல் தொகுப்பு ஒன்று இதைப் பழைய கடற்படைச் சொல் என்றுதான் பதிவு செய்திருக்கிறது, விடுதியும் இல்லை, வளைந்த பாதையும் இல்லை. சான்று இல்லாமல் அளவுக்கு மீறி அழகாக இருக்கிற கதை என்றால் கையை எடுத்துவிடுங்கள்.

இதே முறையில் நீங்களே ஒன்று செய்து பார்க்க வேண்டும் என்றால் ‘போ’ என்று ஒலிக்கும் வில்லையும், அதே எழுத்துக்கூட்டில் ‘பௌ’ என்று ஒலிக்கும் வணக்கத்தையும் எடுங்கள். இது உண்மையிலேயே ‘வளை’ என்ற வேர். பைப் கடையில் பெண்டுக்குப் பக்கத்து டப்பாவில் கிடக்கும் எல்போவின் பின்பாதியில் இருப்பதும் இதுதான், முன்பாதி முழங்கையை வைத்து அளந்த ஒரு பழைய நீள அளவு. சமஸ்கிருதப் பக்கம் போனால் வளைந்து வளைந்து போகும் புஜங்கத்தைச் சந்திப்பீர்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: கப்பலின் முன்முனையையும் ‘பௌ’ என்றுதான் சொல்வார்கள், அது வளைந்திருக்கவும் செய்யும், ஆனால் அது தோள் என்ற பொருளில் டச்சு, கீழ் ஜெர்மன் கரையிலிருந்து வந்த வேறு சொல். எண்ணைப் பார்க்காமல் உள்ளே போனால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள்.